வீதிக் காற்றும் குழந்தையின் இரத்தமும்

சென்ற திங்கள் நமது சங்கக் காரியாலயத்தில் நூல் பட்டுவாடா நடந்த அன்று, மூத்த அங்கத்தினர் ஒருவர் தமக்குரிய பாவையும் ஊடை நூலையும் பெற்றுக்கொண்ட பின்னும் வீடு திரும்பாமல் தாழ்வாரத்துப் பெஞ்சியில் அமர்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு எழுந்து அருகில் வந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்கு நான்கு வயது. இரண்டு மாதமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்ததாம், முகம் வெளுத்ததாம், அடிபடாமலேயே கால்களில் கன்றிய தழும்புகள் தோன்றினவாம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்றுநோய் என்று கூறிச் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். பெரியவரின் வீடு புறவழிச் சாலையை ஒட்டியது. எதிரே ஒரு பெட்ரோல் பங்க் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

"அந்தப் புகைதான் பிள்ளையைப் பிடித்ததா? அங்கே வீடு கட்டியது நான் செய்த குற்றமா? படித்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

அன்று அவருக்கு ஆறுதல் கூறி அனுப்பினோமேயன்றி விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. பின்னர் டாக்டர்களை விசாரித்தும் ஆராய்ச்சி அறிக்கைகளைப் பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. நம் அங்கத்தினர்களில் பலர் விடியற்காலையில் பாவடியிலும் வீதியோரத்திலும் பாவு ஆற்றுகிறவர்கள். பெரியோர் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து நூலிழை சரிசெய்துகொண்டிருக்க, பிள்ளைகள் அதனடியில் புகுந்து ஓடி விளையாடுவது நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கண்ட காட்சி. முன்னே அவ்வீதியில் மாட்டு வண்டி சென்றது. இன்று லாரியும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் செல்கின்றன. ஆகவே அந்தப் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கும் கடமை நம் எல்லோருக்கும் உண்டு.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. நம் உடலில் ஓடும் இரத்தத்தின் அணுக்கள் எலும்புகளுக்குள்ளே இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. சிவப்பணு, வெள்ளணு, இரத்தம் உறைவதற்குத் துணைசெய்யும் தட்டணு ஆகிய மூன்றுக்கும் அதுவே பிறப்பிடம். வெள்ளணுவாக முதிர வேண்டிய ஓர் இளம் அணு, முதிராமலேயே கட்டுக்கடங்காது பெருகத் தொடங்குவதுதான் இரத்தப் புற்றுநோய். பாவில் ஓரிடத்தில் விழுந்த சிக்கு தறியையே நிறுத்திவிடுவதுபோல, அந்த ஓர் அணுவின் பெருக்கம் மஜ்ஜையின் மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்திவிடுகிறது. சிவப்பணு குறைவதால் உடல் வெளுக்கிறது. தட்டணு குறைவதால் தோல் கன்றுகிறது, ஈறில் இரத்தம் கசிகிறது. நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விடுவதில்லை. குழந்தை எலும்பு வலிக்கிறதென்று அழுவதும், கழுத்தில் நெறி கட்டுவதும் உண்டு.

குழந்தைகளுக்கு வரும் இந்நோயில் முக்கியமாக இரு வகை. நான்கில் மூன்று பங்குக்கு மேல் லிம்பாய்டு என்னும் வகை; இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. எஞ்சியதில் பெரும்பகுதி மைலாய்டு என்னும் வகை. இப்பெயர்கள் வாயில் நுழையச் சற்றுக் கடினமானவை. எனினும் பெரியவரின் கேள்விக்கு விடை இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையில்தான் இருக்கிறது என்பதால் வாசகர்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இது அரிய நோயே. ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து பேருக்கு வருகிறது.

தொழிலாளிகள் உணர்த்திய உண்மை

காற்றில் கலந்த பொருள்களுள் மஜ்ஜையைத் தாக்கும் என்று ஐயமற நிரூபணமானது பென்சீன். 1825 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் விஞ்ஞானி மைக்கேல் பாரடே, விளக்கெரிக்கும் வாயுவிலிருந்து ஒதுங்கிய எண்ணெயில் இதைக் கண்டுபிடித்தார். நிறமற்றது, தெளிவானது, இனிய வாசனையுடையது, திறந்து வைத்தால் விரைவில் ஆவியாகிவிடும். ரப்பரையும் எண்ணெய்ப் பசையையும் எளிதில் கரைக்கும். ஆகவே தொழிற்சாலைகள் இதை விரும்பி ஏற்றுக்கொண்டன.

1897 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் சைக்கிள் டயர் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் பெண்கள் நால்வர் மாண்டனர். ரப்பரைக் கரைக்க அங்கே பென்சீன் பயன்பட்டது. அப்பெண்களின் மஜ்ஜை இரத்த உற்பத்தியையே நிறுத்திவிட்டது என்பதை சாண்டெஸன் என்னும் மருத்துவ அறிஞர் எழுதி வெளியிட்டார். சைக்கிள் அக்காலத்தில் புது நாகரிகத்தின் சின்னம். அதன் சக்கரத்துக்கு நால்வர் உயிர் விலையாயிற்று என்பதை அதில் ஏறிச் சென்றவர் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

நம்மைப் போன்ற கைத்தொழிலாளர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய வரலாறு துருக்கியின் இஸ்தான்புல் நகரில் நடந்தது. அங்கே சிறு சிறு பட்டறைகளில் செருப்பும் பையும் செய்வோர் ஆயிரக்கணக்கானோர். தோலை ஒட்டுவதற்குப் பசை வேண்டும். 1950 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், முன்னிருந்த கரைப்பான்களைவிட மலிவாகவும் விரைவில் உலர்வதாகவும் கிடைத்த பென்சீன் கலந்த பசை பட்டறைகளில் புகுந்தது. காற்றோட்டமற்ற சிற்றறை, குளிர்காலத்தில் சன்னலும் மூடியிருக்கும், காலை முதல் இரவு வரை அந்த ஆவியிலேயே வேலை. முஸாபர் அக்ஸோய் என்னும் இரத்தநோய் மருத்துவரிடம், வெளுத்துச் சோர்ந்த செருப்புத் தொழிலாளிகள் ஒருவர்பின் ஒருவராக வரத் தொடங்கினர். நோயாளியின் நாடியைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. என்ன தொழில், எந்தப் பசை, எத்தனை ஆண்டு என்று கேட்டார். பட்டறைகளின் காற்றை அளக்கச் செய்தார். 1967 முதல் 1973 வரை, அந்நகரின் 28,500 செருப்புத் தொழிலாளர்களில் 26 பேருக்கு இரத்தப் புற்றுநோயோ அதற்கு முந்திய நிலையோ வந்ததென்று 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொதுமக்களிடையே காணப்படும் விகிதத்தைப்போல் அது ஏறக்குறைய இரு மடங்கு. பென்சீன் பசை படிப்படியாக நீக்கப்பட்ட பின் புதிய நோயாளிகளின் வரவு குறைந்தது.

இந்த வரலாற்றில் நம் மனத்தை மிகவும் தைப்பது, தீங்கு ஒரு சௌகரியமாக வந்து சேர்ந்தது என்பதே. பசை மலிவு, வேலை விரைவு. பட்டறைக்காரரும் தொழிலாளியும் அதை வரவேற்றிருப்பார்கள். நூலுக்கோ சாயத்துக்கோ புதிய சரக்கொன்று மலிவாக வரும்போது நாமும் அப்படித்தானே வரவேற்கிறோம்?

அமெரிக்க நாட்டிலும் ரப்பர்த் தொழிலாளரிடையே இதே நோய் மிகுந்திருப்பது 1977 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. தொழிற்சாலைக் காற்றில் பென்சீனின் உச்ச அளவைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்கிலிருந்து ஒரு பங்காகக் குறைத்து அந்நாட்டு அரசு 1978 இல் விதி செய்தது. எண்ணெய்த் தொழிலதிபர்களின் சங்கம் வழக்காடியது. 1980 இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. 1987 ஆம் ஆண்டில்தான் அதே அளவு மீண்டும் விதியாயிற்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் தொழிலாளிகள் பழைய அளவின்கீழ்த்தான் வேலை செய்தார்கள்.

பட்டறையிலிருந்து வீதிக்கு

செருப்புப் பட்டறையின் பென்சீன் நம் வீதிக்கு எப்படி வந்தது? பெட்ரோல் வழியாக வந்தது. பென்சீன் பெட்ரோலிலேயே இயற்கையாகக் கலந்திருக்கும் பொருள். வண்டியில் எண்ணெய் நிரப்பும்போது மூக்கில் ஏறும் அந்த வாசனையில் இதற்கும் பங்குண்டு. நிரப்பும்போது ஆவியாக வெளிப்படுகிறது. பூமிக்கடியிலுள்ள தொட்டிக்கு லாரியிலிருந்து இறக்கும்போது காற்றுக்குழாய் வழியே வெளிப்படுகிறது. எரிந்தும் எரியாமலும் வண்டியின் புகைக்குழாயில் வெளிப்படுகிறது. டயர், பிளாஸ்டிக், விறகு, சருகு எரிக்கும் புகையிலும் இருக்கிறது. பீடி, சிகரெட்டுப் புகையில் நிறையவே இருக்கிறது.

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அது குழந்தைகளின் மூளையைக் காத்த பெரும் சீர்திருத்தம். ஆனால் ஈயத்தை நீக்கினால் எஞ்சின் சீராக ஓடுவதற்குப் பெட்ரோலில் வேறு பொருள் சேர வேண்டும். பென்சீனும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும் அந்த வேலையைச் செய்யக்கூடியவை. ஆகவே ஒரு நஞ்சை நீக்கும்போது மற்றொன்று மிகாதபடி அதற்கும் வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. பல ஊர்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்த பென்சீன், 2010 ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவிய பாரத் ஸ்டேஜ் மூன்றாம் தரத்தில் நூற்றுக்கு ஒரு பங்காகக் குறைந்தது. வீதிக் காற்றிலும், 2009 நவம்பரில் வெளியான தேசியத் தரக் கட்டளை ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் இருத்தலாகாது என்று விதித்தது.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். தொழிற்சாலைக்கு அமெரிக்கா வகுத்த வரம்பு, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3,200 மைக்ரோகிராம். இஸ்தான்புல் பட்டறைகளிலோ அதனினும் நூறு மடங்கு, சில வேளை அதற்கும் மேல் இருந்தது. வீதியில் நாம் பேசுவது ஐந்து, பத்து மைக்ரோகிராமைப் பற்றி. இவ்வளவு சிறிய அளவு ஒருவரைப் பாதிக்குமா என்று ஐயுறுவது நியாயமே. ஆனால் தொழிலாளி பட்டறையில் இருப்பது பகலில் சில மணி நேரம். குழந்தை வீதிக் காற்றைச் சுவாசிப்பது இரவும் பகலும். அதன் எடைக்குப் பார்த்தால் பெரியவரைவிட அதிகக் காற்றை உட்கொள்கிறது. அதன் மூக்கு இருக்கும் உயரம் புகைக்குழாய் இருக்கும் உயரத்துக்கு அருகில். வளரும் உடலாதலால் மஜ்ஜையில் அணுக்கள் மிக விரைவாகப் பிறக்கின்றன. பென்சீனுக்கு அபாயமற்ற அளவென்று ஒன்றைக் கூற இயலாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. கன மீட்டருக்கு 1.7 மைக்ரோகிராம் அளவை வாழ்நாள் முழுவதும் சுவாசிப்போரில், லட்சத்துக்கு ஒருவர் மிகையாக இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகலாம் என்று அந்நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

குழந்தைகளைப் பற்றிய கணக்கு

இது அரிய நோயாதலால் ஓர் ஊரையோ ஒரு தாலுகாவையோ பார்த்து உண்மை அறிய முடியாது. ஒரு தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். நாடு முழுவதிலும் எந்தக் குழந்தைக்கு நோய் வந்தது, அக்குழந்தை எந்த வீட்டில் வாழ்ந்தது என்னும் பதிவேடு இருந்தால்தான் கணக்கிட முடியும். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அத்தகைய பதிவேடுகள் இருக்கின்றன. ஆகவே இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளில் பல அங்கிருந்தே வந்தவை.

டென்மார்க்கின் ஆராய்ச்சியாளர்கள் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையை முதலில் கூறுவோம். ஏனெனில் அது 'இல்லை' என்றது. புற்றுநோய் வந்த 1,989 குழந்தைகளின் வீடுகளையும், நோயற்ற 5,506 குழந்தைகளின் வீடுகளையும் ஒப்பிட்டு, வாகனப் புகைக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். கவனமாகச் செய்த ஆராய்ச்சி அது. பலர் அத்துடன் விஷயம் முடிந்ததென்றே கருதினர்.

பிரான்சில் வேறு விதமான செய்தி வந்தது. 2004 ஆம் ஆண்டில் நான்கு நகரங்களில் நடந்த சிறிய ஆராய்ச்சியொன்று, பெட்ரோல் பங்கையோ மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையையோ அடுத்த வீட்டில் வாழ்ந்த குழந்தைகளுக்கு நோய் நான்கு மடங்கு என்றது. எண்ணிக்கை மிகச் சிறிது. அதை நம்பி முடிவு கட்ட இயலாது. நாடு தழுவிப் பெரிதாக மீண்டும் செய்தபோது நான்கு மடங்கு என்பது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகச் சுருங்கியது, ஆனால் மறைந்துவிடவில்லை. 2015 இல் அதே நாட்டில் 2,760 நோயுற்ற குழந்தைகளையும் 30,000 நோயற்ற குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் 150 மீட்டருக்குள் பெருஞ்சாலை எவ்வளவு நீளம் ஓடுகிறதென்று வரைபடத்தில் அளந்தார்கள். லிம்பாய்டு வகையில் வேற்றுமை ஒன்றும் காணவில்லை. மைலாய்டு வகையிலோ, சாலை மிகுந்த இடத்தில் நோயும் மிகுந்திருந்தது. பாரிஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில் இது தெளிவாகத் தெரிந்தது.

அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் அறிக்கை வந்தது. நெடுஞ்சாலைக்கு 100 மீட்டருக்குள் வாழும் குழந்தைகளை 500 மீட்டருக்கு அப்பால் வாழ்வோருடன் ஒப்பிட்டால் இரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் அதற்கும் சற்று மிகுதி என்றும் அது கூறியது. பின்னர் டென்மார்க்கிலும் நோயை வகை பிரித்துப் பார்த்தபோது, பென்சீன் மிகுந்த காற்றில் வாழ்ந்தவர்களிடம் மைலாய்டு வகை மிகுந்தது தெரிந்தது. முன்பு 'இல்லை' என்ற நாடே இப்போது 'ஒரு வகைக்கு ஆம்' என்றது. முதலில் கூறியது பொய் அன்று. இரு வேறு நூல்களை ஒரே கண்டாக நிறுத்தால் எதன் எடை கூடியது, எதன் எடை குறைந்தது என்று தெரியாதல்லவா? அதுபோன்றதே இது.

பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2012 இல் டீசல் புகையையும், 2013 இல் வெளிக்காற்றின் மாசு முழுவதையுமே புற்றுநோய்க்கு உறுதியான காரணங்களின் பட்டியலில் சேர்த்தது. அத்தீர்ப்பு முக்கியமாக நுரையீரல் புற்றுநோயை ஆதாரமாகக் கொண்டது. பென்சீன் பற்றி 2017 அக்டோபரில் அங்கே கூடிய நிபுணர்கள், பெரியோரிடம் மைலாய்டு வகை நோயை அது உண்டாக்குவது உறுதி என்றும், குழந்தைகளிடம் தொடர்பு காணப்படுகிறது, உறுதி என்று சொல்லுமளவுக்கு இல்லை என்றும் தீர்ப்பளித்தார்கள்.

'ஒன்றரை மடங்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் நெஞ்சு பதறும். அமைதியாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். லட்சத்தில் நான்கு என்பது ஆறாகும். சாலையோரத்தில் வளரும் ஒரு லட்சம் பிள்ளைகளில் 99,994 பேருக்கு அவ்வாண்டில் இந்நோய் வருவதில்லை. ஒரு தகப்பனுக்கு இது மிகச் சிறிய அபாயம். ஆனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் சாலையோரத்தில் வாழும் நாட்டை ஆள்வோருக்கு அந்த இரண்டு என்னும் எண் சிறியதன்று.

பெரியவருக்கு விடை

இவற்றையெல்லாம் அறிந்த பின் பெரியவரை மீண்டும் சந்தித்தோம். பேரனின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். லிம்பாய்டு வகை என்று எழுதியிருந்தது.

அந்த வகைக்கும் வீதிப் புகைக்கும் உள்ள தொடர்புக்கு ஆதாரம் பலவீனமானது. அது மட்டுமன்று. இங்கிலாந்தின் மெல் கிரீவ்ஸ் என்னும் விஞ்ஞானியும் அவருடைய கூட்டத்தாரும், பிறந்த சில நாட்களில் குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்து வைத்த இரத்தத் துளிகளை, பிற்காலத்தில் அக்குழந்தைகளுக்கு நோய் வந்த பின் தேடியெடுத்துச் சோதித்தார்கள். நோயின் முதல் அடையாளம் பிறந்த அன்றைய இரத்தத்திலேயே இருந்ததை 1997 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பல குழந்தைகளுக்கு இந்நோயின் முதல் இழை தாயின் கருவிலேயே பின்னப்படுகிறது. அதுமட்டும் நோயாகிவிடாது, அவ்வடையாளத்தோடு பிறப்போரில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வளர்கிறார்கள். பின்னொரு நாள் இரண்டாவது மாறுதல் ஏற்பட்டால்தான் நோய் தோன்றுகிறது.

ஆகவே பெரியவரிடம் நாம் சொன்னது இதுதான்: "இந்தப் பிள்ளைக்கு இன்னதால் வந்தது என்று உலகத்தில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பங்கின் புகைதான் காரணம் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. நீங்கள் வீடு கட்டியது குற்றமில்லை." அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படியானால் அந்தப் புகை நல்லதா?" என்று கேட்டார். அன்று என்று சொன்னோம். லட்சம் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லக்கூடியதை ஒரு பிள்ளைக்குத் தனித்துச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியவில்லை என்பதற்காக லட்சம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததை மறைப்பதும் முறையாகாது.

சிகிச்சையைப் பற்றியும் அவர் கேட்டார். அதில் நற்செய்தி உண்டு. 1947 ஆம் ஆண்டுக்கு முன் இந்நோய் வந்த குழந்தை பிழைப்பதில்லை. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் டாக்டர், அமினாப்டெரின் என்னும் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 இல் வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கி அனுப்பிய ஆராய்ச்சிச்சாலையை நடத்தியவர் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். மாணவராயிருந்தபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் கதர் அங்கி அணிந்து அறுவைக் கூடத்துக்குச் சென்றாராம். பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் குறைந்த சான்றிதழே பெற்றாராம். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் இவ்வாறு கூறுகிறார்கள். கைத்தறித் துணிக்காகப் பட்டத்தை இழந்தவரின் கையிலிருந்து குழந்தைகளுக்கு முதல் மருந்து வந்ததென்பதை நம் பத்திரிகையில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் இந்நோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

வசதி மிகுந்த நாடுகளில் இன்று லிம்பாய்டு வகை வந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் குழந்தைப் புற்றுநோய்களிலிருந்து பிழைப்போர் பல இடங்களில் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. நோயை நாட்கடந்து கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் இதற்கு முக்கிய காரணங்கள். சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு நடக்கும். சில மாதத்தில் பிள்ளை நன்றாகத் தெளிந்துவிட்டது போலத் தோன்றும். அப்போது செலவையும் வேலை நாளையும் எண்ணி நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தலாகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இல்லாத அங்கத்தினர்கள் சங்கக் காரியதரிசியிடம் விண்ணப்பம் எழுதிக்கொள்ளலாம்.

நம் கையில் உள்ளவை

சாலையை நகர்த்த நம்மால் இயலாது. ஆனால் சாலைப் புகையின் செறிவு தூரத்தோடு விரைவாகக் குறைகிறது. 150, 200 மீட்டருக்கு அப்பால் பெரும்பகுதி கலைந்துபோகிறது. ஆகவே பாவடியின் எந்தக் கோடியில் பாவை நீட்டுகிறோம், பிள்ளைகள் எந்தக் கோடியில் விளையாடுகிறார்கள் என்பதற்கே பொருள் உண்டு. சாலையோரக் கோடியை விட்டு உட்கோடிக்கு மாறுவதென்று நம் வடக்குத் தெரு அங்கத்தினர்கள் தாமாகவே முடிவு செய்திருக்கிறார்கள்.

கரும்புத் தோகையையும் அறுவடைச் சருகையும் வயலிலேயே கொளுத்தும் விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். மட்கவிட்டால் எருவாகும் பொருள் அது. கொளுத்தினால் ஊர்ப் பிள்ளைகளின் மூச்சில் புகும் புகை. போகியன்று பழைய டயரை உருட்டி வந்து எரிப்பதை அரசின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் தடுத்து அறிக்கை விடுகிறது. நாமும் ஆண்டுதோறும் எரிக்கிறோம். உப்சாலாவின் டயர் தொழிற்சாலையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டால் இந்த வழக்கம் நின்றுவிடும் என்று எண்ணுகிறோம். வீட்டுக்குள் பீடி பற்ற வைப்பவர்களிடம் நாம் தனியாகவே பேசிக்கொள்கிறோம்.

இனிச் சங்கத்தின் காரியம். பாவடிக்கு வடக்கே, ஆரம்பப் பாடசாலைக்கு எதிரில், புதிதாக ஒரு பெட்ரோல் பங்க் அமைக்க அனுமதி கோரப்பட்டிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைப்படி, புதிய பங்க் பள்ளிக்கூடம், பத்தும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு இத்தூரம் குறையலாம். ஆயினும் எக்காரணத்தாலும் 30 மீட்டருக்குக் கீழே போகலாகாது. தூரத்தை அளக்க வேண்டியது எண்ணெய் நிரப்பும் இடம், பம்பு, காற்றுக்குழாய் இவற்றில் எது பள்ளிக்கு மிக அருகில் இருக்கிறதோ அதிலிருந்து.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் அங்கத்தினர் மூவர் பாவு அளக்கும் நாடாவைக் கொண்டே பாடசாலைச் சுவரிலிருந்து அளந்தார்கள். வரைபடத்தில் காற்றுக்குழாய் குறித்திருக்கும் இடம் வரை 27 மீட்டர் இருந்தது. அளந்தவர்களில் ஒருவர் அந்தப் பெரியவர். கலெக்டருக்கு எழுதிய ஆட்சேபணை மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதே. மனுவின் பிரதி காரியாலயத்தில் இருக்கிறது. கையெழுத்திட விரும்பும் அங்கத்தினர்கள், அடுத்த நூல் பட்டுவாடா நாளில் பாஸ் புத்தகத்துடன் வரவும்.